சேர்ந்து படித்தல் வழியாக வகுப்பறையில் ஜனநாயகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுவாகச் சேர்ந்து படிக்க வைத்தால் பிள்ளைகளிடம் ஜனநாயகப் பண்புகள் வளரும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்புக்குள் போனதும் ஆசிரியருக்கு வரும் சந்தேகங்கள் அந்தப் பயிற்சிக் குறிப்புகளில் இருப்பதில்லை. அப்படி வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்தாலே போதாதா?

போதாது. நாலு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்து "சேர்ந்து செய்யுங்க" என்று சொன்னால் என்ன ஆகும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஒருத்தர் எழுதுவார், ஒருத்தர் எட்டிப் பார்ப்பார், மற்ற இரண்டு பேரும் வேறு கதை பேசுவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் உழைத்தவர்கள். ஒரு குழுவேலை உண்மையிலேயே கூட்டுக் கற்றலாக இருக்க ஐந்து விஷயங்கள் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாதபடி வேலை அமைந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். அப்படிப் பேசிப் பழகும் திறனையும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். வேலை முடிந்ததும் "நாம எப்படி வேலை செஞ்சோம்" என்று குழுவே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதில் கடைசி விஷயத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில். ஜனநாயகப் பண்பு வளர வேண்டும் என்று நினைப்பவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் கருத்து. தன் குழுவைத் தானே விமர்சித்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது.

ஜனநாயகத்தைக் குடிமையியல் பாடத்திலேயே நடத்துகிறோமே, இது தனியாக எதற்கு?

தேர்தல் எப்படி நடக்கிறது, சட்டமன்றம் என்ன செய்கிறது என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தை நடத்தும் முறையைப் பாருங்கள். ஒருத்தர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை, கேள்வி கேட்டால் "அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்ற பதில். பேச்சுரிமை பற்றிய பாடத்தைப் பேச விடாமலே நடத்தி முடித்துவிடுகிறோம். அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்வியாளருமான ஜான் டூயி 1916-லேயே இதை வலியுறுத்தினார். ஜனநாயகம் என்பது ஓர் ஆட்சிமுறை மட்டும் இல்லை, மனிதர்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வாழும் ஒரு முறை, அதை வாழ்ந்து பார்த்துத்தான் கற்க முடியும் என்பது அவருடைய வாதம்.

1939-இல் குர்த் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வும் இந்த இடத்தில் முக்கியமானது. பத்து, பதினொரு வயதுச் சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்து, மூன்று விதமான தலைவர்களின் கீழ் வேலை செய்ய வைத்தார்கள். ஒரு விதத் தலைவர் கட்டளையிடுவார், ஒரு விதத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார், இன்னொரு விதத் தலைவர் எதிலும் தலையிடவே மாட்டார். கட்டளைத் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவர் வெளியே போனாலும் வேலை தொடர்ந்தது. எதிலும் தலையிடாத தலைவரின் குழுவில் வேலையும் உருப்படியாக நடக்கவில்லை. இந்த மூன்றாவதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "ஜனநாயக வகுப்பு" என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, ஆசிரியர் பொறுப்பைக் கை கழுவிவிடுகிற அந்த மூன்றாவது வகைதான்.

நடைமுறையில் ஒரு வகுப்பு எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஜிக்சா முறையைச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது தெளிவாக இருக்கும். ஓர் ஆற்றில் கழிவு கலப்பதுதான் பாடம் என்று வைத்துக்கொள்வோம். கழிவு எங்கிருந்து வருகிறது, உயிர்களுக்கு என்ன ஆகிறது, சட்டம் என்ன சொல்கிறது, சுத்தம் செய்ய என்ன வழி என்று பாடத்தை நாலாகப் பிரிக்கிறோம். நாலு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கு ஒரு பகுதி. அப்புறம் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரே பகுதியை வாங்கியவர்கள் ஓரிடத்தில் கூடி, சேர்ந்து படித்து, எப்படிச் சொல்லித்தருவது என்றும் பேசி முடிவு செய்கிறார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்த் தன் பகுதியை மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். கடைசியில் தேர்வு தனித்தனியாக, நாலு பகுதியிலிருந்தும்.

இதில் யாரையும் ஒதுக்க முடியாது, அதுதான் இதன் பலம். வகுப்பில் யாரும் கண்டுகொள்ளாத பிள்ளையிடம்தான் சட்டம் பற்றிய பகுதி இருக்கிறது என்றால், அவர் திக்கித் திணறினாலும் பொறுமையாகக் கேட்டு, கேள்வி கேட்டு வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கால்வாசிப் பாடம் போய்விடும்.

இந்த முறை உருவான சூழலும் இதைத்தான் சொல்கிறது. 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு வந்தபோது பகையும் சண்டையும் வெடித்தன. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளைக் கவனித்தார்கள். ஆசிரியரின் கவனத்தைப் பிடிக்கப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் அமைப்பே பகையை வளர்க்கிறது என்று புரிந்துகொண்டு, அந்த அமைப்பையே மாற்றினார்கள். "எல்லாரும் நல்லாப் பழகுங்க" என்று அறிவுரை சொல்வதை விட, பழகினால்தான் வேலை நடக்கும் என்ற நிலையை உருவாக்கினார்கள்.

குழுவை யார் பிரிப்பது? நண்பர்களோடு சேரவிட்டால் என்ன?

ஆரம்பத்தில் ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும், கலந்துதான் பிரிக்க வேண்டும். நண்பர்களோடு சேர விட்டால், வெளியே இருக்கிற பிரிவுகள் அப்படியே மேசைக்கு வந்துவிடும், யாருமே கூப்பிடாமல் கடைசியில் மிஞ்சி நிற்கிற ஒரு பிள்ளைக்கு அன்றைய நாள் முழுக்க வலிக்கும். நாலு பேர் போதும், ஆறுக்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். சில வாரங்களாவது அதே குழு இருக்கட்டும், தினமும் மாற்றினால் சண்டையிட்டுச் சமாதானமாகிற அனுபவமே வராது.

ஒரே பிள்ளை எல்லா வேலையும் செய்கிறது, மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள். என்ன செய்வது?

இது பிள்ளைகளின் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்பே மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்தார். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் சராசரியாகப் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. பெரியவர்களே அப்படித்தான். தன் உழைப்பு தனியாகத் தெரியாத இடத்தில் யாருக்கும் கை தளரும்.

எனவே வேலையை மாற்றுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். கேள்வியைக் கேட்டு, கலந்து பேச நேரம் கொடுத்து, அப்புறம் "எல்லாக் குழுவிலும் மூணாம் நம்பர் எழுந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். யார் சொல்லப் போகிறார் என்று முன்கூட்டியே தெரியாததால், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். தெரியாத பிள்ளையும் "எனக்கு இன்னும் புரியல, திரும்பச் சொல்லு" என்று உரிமையோடு கேட்கும்.

குழுவிலும் சிலர் வாயே திறப்பதில்லை. கூச்சம்தானே?

சிலருக்குக் கூச்சம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கூச்சத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் ஒரு சமூகவியலாளர். குழுக்களுக்குள் அவர் கவனித்தது அந்தஸ்தை. எந்தப் பிள்ளை கெட்டிக்காரர், யார் நன்றாக வாசிப்பார், யாரை எல்லாருக்கும் பிடிக்கும், யாருடைய குடும்பம் எப்படிப்பட்டது என்று வகுப்பில் எல்லாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குழுவில் உட்கார்ந்த உடனே அந்தக் கணக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மேலே இருக்கிறவர் அதிகம் பேசுவார், அதிகம் பேசுவதால் அதிகம் கற்பார். கீழே இருக்கிறவர் நல்ல யோசனை சொன்னாலும் யார் காதிலும் விழாது, அதே யோசனையை இரண்டு நிமிடம் கழித்து மேலே இருக்கிறவர் சொன்னால் "சூப்பர்" என்பார்கள். சும்மா குழுவாக உட்கார வைத்தால் ஏற்றத்தாழ்வு குறையாது, கூடத்தான் செய்யும். சமத்துவத்தைக் கற்றுத்தர வைத்த குழு, நீ கீழே இருக்க வேண்டியவன் என்று தினமும் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, வாசிப்பு, எழுத்து இரண்டை மட்டும் நம்பாத வேலையைக் கொடுப்பது. வரைய, அளக்க, கட்டிப் பார்க்க, நடித்துக் காட்ட, ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடிக்க என்று பல திறமைகள் தேவைப்படும் வேலை. "இதுக்கு வேண்டிய எல்லாத் திறமையும் நம்மில் யாரிடமும் இல்லை, ஆனா ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒண்ணு இருக்கு" என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வழி, கீழே தள்ளப்பட்ட பிள்ளை உண்மையிலேயே ஒரு நல்ல வேலை செய்கிற தருணத்தைப் பிடித்து, எல்லார் முன்னாலும், குறிப்பாகச் சொல்வது. "நல்லாச் செஞ்சே" என்றால் அதில் ஒன்றும் இல்லை. "இந்தப் படத்தில் அளவு தப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சது அவதான், அந்த அளவைச் சரிபண்ணாம உங்க மாடல் நிக்காது, அடுத்த கட்டத்துக்கு அவகிட்டக் கேளுங்க" என்று சொன்னால் அந்த மேசையில் கணக்கு மாறும். பொய்யாகப் பாராட்டக் கூடாது, பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அந்தப் பிள்ளையின் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம், நாளைக்கே செய்யலாம்.

முடிவெடுக்க வாக்கெடுப்பு வைத்தால் அதுவே ஜனநாயகம்தானே?

வாக்கெடுப்பு ஒரு கருவி. சீக்கிரம் முடிவு வேண்டும், யாருக்கும் பெரிய இழப்பில்லை என்னும் இடத்தில் தாராளமாகக் கை தூக்கச் சொல்லுங்கள். ஆனால் எதற்கெடுத்தாலும் வாக்கு என்றால், நாலு பேர் குழுவில் மூன்று பேர் சேர்ந்துகொண்டு நாலாவது ஆளை வருஷம் முழுக்கத் தோற்கடிக்கலாம். அவர் கற்றுக்கொள்வது "என் பேச்சு எடுபடாது" என்பதைத்தான். எனவே வாக்குக்கு முன் எல்லாரும் ஒரு சுற்றுப் பேசட்டும், ஒத்துப்போகாதவரின் காரணத்தை எதிர்த்தரப்பில் ஒருவர் தன் வார்த்தையில் சரியாகத் திருப்பிச் சொல்லட்டும், அப்புறமும் முடிவு எட்டவில்லை என்றால் வாக்கெடுக்கலாம். சில விஷயங்களை வாக்குக்கே விடக் கூடாது. ஒருவரை விளையாட்டில் சேர்ப்பதா வேண்டாமா, ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்பதெல்லாம் பெரும்பான்மை தீர்மானிக்கிற விஷயம் இல்லை. உரிமை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதை விட நல்ல இடம் கிடைக்காது.

கருத்து வேறுபாடு வந்து சண்டை ஆகிவிட்டால்?

கருத்து வேறுபாடு வரட்டும், அதற்காகத்தானே இதெல்லாம். எல்லாரும் தலையாட்டுகிற குழுவைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

ஜான்சன் சகோதரர்கள் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார்கள். நாலு பேர் குழுவில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். தேர்வே இல்லாத பள்ளி சரியா தவறா என்று ஒரு கேள்வி. இரண்டு ஜோடியும் தயார் செய்து வாதாடுகிறார்கள். அப்புறம் பக்கம் மாறுகிறார்கள், இதுவரை எதிர்த்த கருத்தை இப்போது ஆதரித்துப் பேச வேண்டும், அரைமனதோடு பேசக் கூடாது. கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு, இரண்டிலும் உள்ள நல்ல காரணங்களைச் சேர்த்து நாலு பேரும் ஒரு முடிவு எழுத வேண்டும். பட்டிமன்றத்தில் ஜெயிக்க வேண்டும், இதில் புரிந்துகொள்ள வேண்டும். எதிராளியின் வாதத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு, அவனை முட்டாள் என்று ஒதுக்குவது பழையபடி சுலபமாக இருக்காது.

சர்ச்சையான விஷயங்களில் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா?

ஜெர்மனியில் 1976-இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று கொள்கைகள் உருவாயின. மாணவர் மீது கருத்தைத் திணித்து அவர் சுயமாக யோசிப்பதைத் தடுக்கக் கூடாது. அறிஞர்களிடையிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே தெரிய வேண்டும். மாணவர் தன் நிலையையும் தன் நலனையும் ஆராய்ந்து செயல்படும் திறன் பெற வேண்டும். இன்றும் இதை விடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. ஆனால் உண்மைத் தகவலையும் சர்ச்சையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூமி உருண்டையா என்பது விவாதம் இல்லை. ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சமமா என்பதும் விவாதம் இல்லை.

எதையெல்லாம் பிள்ளைகள் தீர்மானிக்கலாம்?

உண்மையிலேயே நீங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பதை மட்டும். எந்த வரிசையில் படிப்பது, புராஜெக்டை நாடகமாகச் செய்வதா அறிக்கையாகச் செய்வதா, வகுப்பு நூல்களை எப்படிப் பகிர்வது, தாமதமாக வருவதற்கு என்ன செய்வது, இதெல்லாம் அவர்கள் கையில் இருக்கலாம். பாடத்திட்டமும் பாதுகாப்பும் அவர்கள் கையில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பிடிக்காத முடிவு வந்ததும் மாற்றினால், ஜனநாயகம் வெறும் நாடகம் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

பிள்ளைகளால் இதெல்லாம் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வரலாற்றைப் பார்க்கலாம். போலந்தின் வார்சாவில் யானுஸ் கோர்ச்சாக் நடத்திய அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் விதிகள் பெரும்பாலும் மன்னிப்பைப் பற்றியவை, கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கிறார். பிரான்சில் செலெஸ்தேன் ஃப்ரெனே தன் வகுப்பில் சுவர்ப் பத்திரிகை வைத்து, பிள்ளைகள் அதில் எழுதிய புகார், பாராட்டு, ஆசைகளை எடுத்து வகுப்புக் கூட்டத்தில் பேச வைத்தார். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

மார்க் எப்படிப் போடுவது? குழுவுக்கு ஒரே மார்க்கா?

வேண்டாம். உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மார்க் என்றால் அநியாயம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும், அவர்கள் நினைப்பது சரிதான். தேர்வு தனித்தனியாக இருக்கட்டும். குழுவுக்கு ஏதாவது அங்கீகாரம் தர வேண்டுமானால் ராபர்ட் ஸ்லாவின் என்ற கல்வி ஆய்வாளர் காட்டிய வழி நல்லது. ஒவ்வொருவரும் தன்னுடைய பழைய மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதைக் குழுவின் கணக்கில் சேர்ப்பது. அப்போது வழக்கமாகக் குறைவாக வாங்கும் பிள்ளையும் குழுவுக்கு நிறையச் சேர்த்துக்கொடுக்க முடியும், அவரைச் சுமையாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நஷ்டம் இல்லையா?

பெற்றோர் அதிகம் கேட்பது இது. வெறும் விடையைச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் லாபம் இல்லை. ஏன், எப்படி என்று விளக்கிச் சொல்கிற பிள்ளைக்குத் தன் புரிதலே தெளிவாகும் என்று நோரீன் வெப் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளையை எந்நேரமும் இலவச டியூஷன் ஆசிரியராக்கிவிடக் கூடாது. தனியாக ஆழ்ந்து படிக்கவும் அவருக்கு நேரம் வேண்டும்.

சத்தம்? சிலபஸ்?

சத்தம் வரும். என்ன சத்தம் என்று கேளுங்கள், பாடம் பற்றிய சத்தம் என்றால் விடுங்கள். கை உயர்த்தினால் எல்லாரும் நிறுத்த வேண்டும் என்று ஓர் அடையாளத்தை முதல் நாளே பழக்கிவிட்டால் பெரிய வகுப்பிலும் சமாளிக்கலாம். சிலபஸ் விஷயத்தில், எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தத் தேவையில்லை. ஒரு சூத்திரத்தை அறிமுகப்படுத்த நேரடியாகச் சொல்வதே நல்லது. விவாதிக்கவும் பிரித்துப் படிக்கவும் இடம் உள்ள பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதிப்பெண்ணில் மட்டும் தேடாதீர்கள். ஒரு மேசை அருகில் கொஞ்ச நேரம் நின்று யார் எத்தனை முறை பேசுகிறார், யாருடைய யோசனை ஏற்கப்படுகிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து மறுபடி குறியுங்கள். நீங்கள் வெளியே போய் வரும்போது வேலை நடந்துகொண்டிருக்கிறதா? "நான் சொன்னது தப்பு, அவள் சொன்னதுதான் சரி" என்று யாராவது சங்கடமில்லாமல் சொல்கிறார்களா? இடைவேளையில் குழுவுக்கு வெளியேயும் புதுச் சேர்க்கைகள் தெரிகின்றனவா?

எங்கிருந்து தொடங்குவது?

ஜோடியிலிருந்து. ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு நிமிடம் தனியாக யோசிக்கட்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அப்புறம் வகுப்புக்குச் சொல்லட்டும். சொல்லும்போது தன் கருத்தைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள், காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அதிலேயே தொடங்கிவிடும். ஒரு பாடத்தில், வாரம் இரண்டு முறை போதும். அது பழகியதும் இரண்டு ஜோடியைச் சேர்த்து நாலு பேர் குழுவாக்குங்கள், எண் கொடுத்துப் பதில் கேளுங்கள், ஜிக்சாவுக்கு அதன் பிறகு வரலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் வகுப்பை இன்னொருவர் வந்து கவனித்து யார் பேசினார்கள் என்று குறித்துக் கொடுத்தால், நடத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் கண்ணில் படாத பிள்ளை அந்தத் தாளில் தெரிவார்.